கரும்பொருளைத் தேட காமா கதிர்த் தொலைநோக்கியை எந்தப் பக்கம் திருப்புவது?

ஃபெர்மி விண்கலம் 2008 ஜூனில் மேலே போனது. அன்றிலிருந்து அது சேர்த்த காமா கதிர்த் தரவு பொதுவில் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அலசுகிற மென்பொருளும் இலவசம். கரும்பொருளின் தடயத்தைத் தேட நினைக்கும் ஆராய்ச்சி மாணவருக்கோ சிறு குழுவுக்கோ தரவு ஒரு தடையே இல்லை. வானத்தில் எந்தப் பக்கம் பார்ப்பது என்பதுதான் கஷ்டமான கேள்வி. பால்வெளியின் மையமா? அதைச் சுற்றிவரும் குள்ள கேலக்ஸிகளா? தொலைவிலுள்ள கேலக்ஸி கொத்துகளா? இல்லை, இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஆற்றலில் ஒரு கூர்மையான கோட்டைத் தேடுவதா? இதை ஆரம்பத்திலேயே முடிவுசெய்தாக வேண்டும். பிறகு இரண்டு மூன்று வருட உழைப்பு அந்த முடிவின் பின்னாலேயே போய்விடும்.

என் பதில் குள்ள கேலக்ஸிகள். ஆனால் எல்லா நிறைக்கும், எல்லாக் கருவிக்கும் அதுவே சரியான பதில் ஆகாது. சிக்னல் எங்கே அதிகம் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். நான் அதைவிட முக்கியமாக நினைக்கும் கேள்வி வேறு: அங்கே ஏதாவது தெரிந்தால், அது கரும்பொருள்தான் என்று நம்மால் அடித்துச் சொல்ல முடியுமா?

முதலில் எதைத் தேடுகிறோம் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஏறத்தாழ 85 சதவீதம் கரும்பொருள். அது ஒளியை உமிழாது, உறிஞ்சாது. ஆனால் அது 'விம்ப்' எனப்படும் கனமான, மிக மெலிதாக வினைபுரியும் துகள்களால் ஆனது என்று வைத்துக்கொண்டால், இரண்டு துகள்கள் சந்திக்கும்போது ஒன்றையொன்று அழித்துக்கொண்டு குவார்க், டாவ், டபிள்யூ போசான் போன்ற தெரிந்த துகள்களாக மாறும். அவற்றிலிருந்து பயான்கள் என்ற குறுகிய ஆயுள் துகள்கள் பிறக்கும், அந்தப் பயான்கள் சிதையும்போது காமா கதிர்கள் வரும். காமா கதிருக்கு மின்னூட்டம் கிடையாது, காந்தப்புலத்தில் வளையாமல் நேராக வரும். அதனால் புறப்பட்ட இடத்தைக் கை நீட்டிக் காட்ட முடிகிறது.

பிரபஞ்சத்தின் ஆரம்பச் சூட்டில் பிறந்த இந்தத் துகள்கள் இன்று நாம் அளக்கும் அளவுக்கு மிஞ்சியிருக்க வேண்டுமென்றால், அவற்றின் அழிவு வீதம் வினாடிக்குச் சுமார் 2 முதல் 3×10⁻²⁶ கன சென்டிமீட்டர் என்ற அளவில் இருந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் எல்லாரும் எட்டிப்பிடிக்க நினைக்கும் இலக்கு எண் இதுதான். ஒரு தேடல் இந்த எண்ணுக்குக் கீழே இறங்கிப் பார்த்தும் எதுவும் இல்லை என்றால், அந்த நிறையில் எளிமையான விம்ப் இல்லை என்று சொல்லலாம்.

நமக்கு வந்து சேரும் காமா கதிரின் அளவை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று துகளின் இயல்பு: அதன் நிறை, அழிவு வீதம், எதுவாக மாறுகிறது என்பது. இன்னொன்று, பார்க்கும் திசையில் கரும்பொருள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பது. அழிவுக்கு இரண்டு துகள்கள் சந்திக்க வேண்டியிருப்பதால் அடர்த்தியின் வர்க்கத்தைப் பார்வைக் கோடு நெடுகக் கூட்ட வேண்டும். இந்தக் கூட்டுத்தொகைக்கு ஜே-காரணி என்று பெயர். துகளின் இயல்பு எங்கே பார்த்தாலும் மாறாது. இடத்துக்கு இடம் மாறுவது ஜே-காரணியும், அங்கிருக்கும் பின்னணி வெளிச்சமும்தான்.

பால்வெளியின் மையம்: நிறைய வெளிச்சம், நிறையக் குழப்பம்

ஜே-காரணியை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை. பால்வெளியின் மையம் நம்மிலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது. அதன் ஜே-காரணி மிகச் சிறந்த குள்ள கேலக்ஸியைவிட நூறு மடங்குக்கும் மேல். கரும்பொருள் காமா கதிரை வெளியிடுகிறது என்றால் முதலில் தெரிய வேண்டிய இடம் அது.

அங்கே ஏதோ தெரியவும் செய்கிறது. 2009-இல் லிசா குட்எனஃப், டான் ஹூப்பர் இருவரும் ஃபெர்மியின் ஆரம்பத் தரவிலேயே கணக்குக்கு மேல் மிஞ்சும் காமா கதிர்களைச் சுட்டிக்காட்டினார்கள். அதன்பின் பல குழுக்கள் தனித்தனியாக அலசியும் அந்த உபரி அப்படியே நிற்கிறது. 1 முதல் 3 ஜிஇவி ஆற்றலில் உச்சம் தொடுகிறது (ஜிஇவி என்பது நூறு கோடி எலெக்ட்ரான்வோல்ட்; துகளின் நிறையையும் இதே அலகில்தான் சொல்வார்கள்). மையத்திலிருந்து பத்து பாகைக்கும் அப்பால்வரை பரவியிருக்கிறது. பாட்டம் குவார்க்காக மாறும் சுமார் 30 முதல் 50 ஜிஇவி நிறையுள்ள துகள் என்று வைத்தால் நிறமாலை பொருந்துகிறது. அழிவு வீதமும் நாம் மேலே பார்த்த இலக்கு எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இதைப் பார்த்து யாருக்கும் மனம் துள்ளத்தான் செய்யும்.

சிக்கல் என்னவென்றால், மையப் பகுதியில் இந்த உபரி மொத்த வெளிச்சத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி, விண்வெளியில் பாயும் அதிவேகத் துகள்களான காஸ்மிக் கதிர்கள் வாயுவில் மோதியும், எலெக்ட்ரான்கள் நட்சத்திர ஒளியை உதைத்து ஏற்றியும் உண்டாக்கும் காமா கதிர்கள். அதற்கு மேல் சூப்பர்நோவா எச்சங்கள், தனித்தனி மூலங்கள், 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபெர்மி குமிழ்கள் எல்லாம் அதே இடத்தில். இந்தப் பின்னணிக்கு ஒரு மாதிரி கட்டி, அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உபரி. பின்னணி மாதிரியில் சில சதவீதம் பிசகினாலே உபரியின் வடிவம் மாறிவிடும். ஃபெர்மியின் கூர்மையும் இங்கே உதவாது. 1 ஜிஇவி ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், வந்த திசையை அதனால் முக்கால் பாகை அளவுக்குத்தான் சொல்ல முடியும். முழுநிலவின் அகலமே அரை பாகைதான்.

இன்னொரு பக்கம் மில்லிவினாடி பல்சார்கள். வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் இந்த நியூட்ரான் நட்சத்திரங்களின் காமா நிறமாலையும் சில ஜிஇவியில்தான் உச்சம் தொடுகிறது. மையத்தில் ஆயிரக்கணக்கில் மங்கலான பல்சார்கள் இருந்தால் அதே உபரி கிடைத்துவிடும். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. தூறல் விழுந்த தரையும், ஒழுகும் கூரையின் கீழ் நனைந்த தரையும் ஒரே அளவு தண்ணீர் வாங்கியிருக்கலாம். ஆனால் ஈரம் படிந்த விதம் வேறு. அதேபோல் கரும்பொருளின் ஃபோட்டான்கள் சீராகப் பரவியிருக்கும், பல்சார்களின் ஃபோட்டான்கள் அங்கங்கே கொத்தாக விழும். 2015-இல் இரண்டு குழுக்கள் இரண்டு வேறு புள்ளியியல் முறைகளில் பார்த்து, கொத்தாகத்தான் இருக்கிறது என்றன. பல்சார் பக்கம் ஜெயித்துவிட்டதாகவே பலர் நினைத்தார்கள்.

2019-இல் ரெபெக்கா லீன், ட்ரேசி ஸ்லாட்டியர் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான ஃபெர்மி தரவுக்குள் செயற்கையாக ஒரு கரும்பொருள் சிக்னலைக் கலந்து, அதே அலசல் முறையை ஓட்டினார்கள். முறை அந்தச் சிக்னலைக் கண்டுகொள்ளவே இல்லை. அதையும் பல்சார் கணக்கில் எழுதிவிட்டது. பின்னணி மாதிரியின் பிழைகள் கொத்துப்போல நடித்து, முறையை ஏமாற்றுகின்றன என்பது தெரிந்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: 2015-இல் 'கொத்து' என்று சொன்ன ஆய்வு ஒன்றில் ஸ்லாட்டியரும் ஓர் ஆசிரியர். தன் முடிவைத் தானே திரும்பச் சோதித்த அந்த நேர்மை இந்தத் துறைக்குக் கிடைத்த பெரிய சொத்து என்று நினைக்கிறேன். அடுத்த வருடம் புதிய மூலப் பட்டியலை வைத்து, 2015-இன் இரண்டாவது முறையையும் வேறொரு குழு திரும்பப் பார்த்தது. அதன் சான்றும் பலவீனமானது.

வடிவத்தை வைத்து முடிவுசெய்யலாமா என்று பார்த்தால் அதுவும் பிடி கொடுக்கவில்லை. உபரி, மையத்திலுள்ள பழைய நட்சத்திரங்களின் பெட்டி போன்ற அமைப்பைப் பின்பற்றுகிறது, ஆகவே பல்சார்தான் என்று 2018-இல் ஆய்வுகள் வந்தன. கரும்பொருளும் மையத்தில் உருண்டையாக இருக்கத் தேவையில்லை, தட்டையாகவே இருக்கலாம் என்று 2025-இல் கணினி உருவகங்கள் காட்டின. பதினைந்து வருடத்துக்கும் மேலாகியும் வழக்கு முடிந்தபாடில்லை.

மையத்திலிருந்து கொஞ்சம் விலகி, பால்வெளித் தட்டை மறைத்துவிட்டு, சுற்றியுள்ள ஒளிவட்டத்தை மட்டும் பார்ப்பது இடைப்பட்ட வழி. குழப்பம் குறையும், ஜே-காரணி ஓரளவு மிஞ்சும். 2025 நவம்பரில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் டோமோனோரி டோட்டானி, 15 வருட ஃபெர்மி தரவை இப்படி அலசி, 20 ஜிஇவி அருகே உச்சம் தொடும் ஒளிவட்டம் போன்ற உபரி இருப்பதாக அறிவித்தார். கரும்பொருள் என்றால் துகளின் நிறை 0.5 முதல் 0.8 டிஇவி (ஒரு டிஇவி என்பது ஆயிரம் ஜிஇவி). ஆனால் அதற்குத் தேவைப்படும் அழிவு வீதம் 5 முதல் 8×10⁻²⁵. இலக்கு எண்ணைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல். அவ்வளவு வேகமாக அழிந்தால் குள்ள கேலக்ஸிகளிலும் அது தெரிந்திருக்க வேண்டும். அங்கே தெரியவில்லை. மையத்திலோ ஒளிவட்டத்திலோ எது கிடைத்தாலும் கடைசியில் சாட்சி கேட்கப் போகிற இடம் குள்ள கேலக்ஸிகள்தான்.

குள்ள கேலக்ஸிகள்: வெளிச்சம் குறைவு, சாட்சி நம்பகம்

பால்வெளியைச் சுற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட குள்ள கேலக்ஸிகள் வலம் வருகின்றன. ட்ராகோ, உர்சா மைனர், ஸ்கல்ப்டர் போன்றவை பழைய தலைமுறை. செகூ 1, ரெட்டிகுலம் 2 போன்ற மிக மங்கலானவை பெரிய வான் கணக்கெடுப்புகளுக்குப் பிறகு கிடைத்தவை. செகூ 1-இன் மொத்த வெளிச்சம் சில நூறு சூரியன்களுக்கு மேல் தேறாது. அதன் நட்சத்திரங்கள் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் நிறை மட்டும் ஆயிரக்கணக்கான மடங்கு கூடுதலாக வருகிறது. வாயு கிடையாது, புதிய நட்சத்திரங்கள் பிறப்பதில்லை, காமா கதிரை உண்டாக்கும் சாதாரணக் காரணம் எதுவும் பெரிதாக இல்லை. அங்கிருந்து காமா கதிர் வந்தால் கரும்பொருளைத் தவிர வேறு யாரைச் சொல்வது?

ஃபெர்மி குழு 2015-இல் 15 குள்ள கேலக்ஸிகளை, 6 வருடத் தரவை வைத்து, சேர்த்து அலசியது. ஒவ்வொன்றிலும் துகள் ஒன்றே, அழிவு வீதம் ஒன்றே என்ற அனுமானத்தில் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போடுவதுதான் இந்த முறையின் பலம். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் மங்கல். சேர்த்தால் வலு வருகிறது. சிக்னல் கிடைக்கவில்லை. ஆனால் பாட்டம் குவார்க், டாவ் வழிகளில் சுமார் 100 ஜிஇவி நிறைவரை அழிவு வீதம் இலக்கு எண்ணைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும் என்று காட்ட முடிந்தது. பூஜ்யத்திலிருந்து இவ்வளவு உறுதியான தகவல் கிடைப்பது மையத்தில் நடக்காத காரியம். மைய உபரியைக் கரும்பொருள் என்று வாதிடுபவர்கள் இன்றும் இந்த வரம்போடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

அதே 2015-இல் இதன் இன்னொரு பக்கமும் தெரிந்தது. இருள் ஆற்றல் கணக்கெடுப்பு என்ற வான் ஆய்வு ரெட்டிகுலம் 2-ஐக் கண்டுபிடித்த கையோடு, சுமார் 100,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்தக் குட்டியிலிருந்து 2 முதல் 10 ஜிஇவியில் கூடுதல் ஃபோட்டான்கள் வருவதாக ஒரு குழு சொன்னது. ஃபெர்மி குழு மேம்பட்ட தரவை வைத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க சிக்னல் இல்லை என்றது. தகராறு வருடக்கணக்கில் இழுக்கவில்லை. மற்ற குள்ள கேலக்ஸிகளோடு ஒப்பிட்டு, இதில் இருந்தால் அவற்றிலும் இருக்க வேண்டுமே என்று கேட்க முடிந்ததுதான் காரணம். மையம் ஒன்றே ஒன்றுதான்; அங்கே இப்படி ஒப்பிட ஆள் கிடையாது.

சரி, குள்ள கேலக்ஸிகளில் குறையே இல்லையா? இருக்கிறது, பெரிய குறைதான்: ஜே-காரணி. அதை நேரடியாக அளக்க முடியாது. நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு வேக வித்தியாசத்தில் ஓடுகின்றன என்று அளந்து, அதிலிருந்து ஈர்ப்பையும், ஈர்ப்பிலிருந்து கரும்பொருளையும் கணக்கிட வேண்டும். வேகப் பரவல் இருமடங்கானால் ஜே-காரணி சுமார் பதினாறு மடங்காகும். நான்காம் அடுக்கில் ஏறுகிறது. செகூ 1-இல் அளக்கப்பட்ட உறுப்பு நட்சத்திரங்கள் எழுபது சொச்சம். அதில் இரண்டு மூன்று பால்வெளியின் நட்சத்திரங்கள் தவறிச் சேர்ந்திருந்தாலும் கணக்கு ஆடிப்போகும்.

இதற்கு உச்சகட்ட உதாரணம் உர்சா மேஜர் 3. யூனியன்ஸ் 1 என்றும் அதற்கு ஒரு பெயர். 2023-இல் அறிவிக்கப்பட்டது, தூரம் வெறும் 33,000 ஒளியாண்டு. குள்ள கேலக்ஸிதான் என்றால் அதன் ஜே-காரணி மற்ற எல்லாக் குள்ள கேலக்ஸிகளையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வேகம் அளக்கப்பட்ட உறுப்பு நட்சத்திரங்கள் 11. அவற்றின் வேகப் பரவல் வினாடிக்கு 3.7 கிலோமீட்டர். அந்தப் பதினொன்றில் ஒரே ஒரு நட்சத்திரத்தை நீக்கினால் 1.9 ஆகிவிடுகிறது. இன்னொன்றையும் நீக்கினால் அளவிடவே முடியாத அளவுக்குச் சுருங்குகிறது. முதல் நீக்கத்திலேயே ஜே-காரணி பதினான்கு மடங்கு விழுந்துவிடும். அந்த இரண்டும் இரட்டை நட்சத்திரங்களாக இருந்து, துணையைச் சுற்றும் வேகம்தான் நம் கணக்கில் ஏறியிருந்தால், அங்கே கரும்பொருளே இல்லாமல் இருக்கலாம். வெறும் நட்சத்திரக் கொத்தாகவும் இருக்கலாம். இதை முதன்மை இலக்காக வைத்து ஒரு ஆய்வைக் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டியலில் சேர்க்கலாம், ஆனால் அதைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முடிவுகளைக் காட்ட வேண்டும்.

ஆனாலும் இந்தக் குறை மையத்தின் குறையைவிடச் சமாளிக்கக்கூடியது என்பது என் நிலைப்பாடு. ஜே-காரணியின் நிச்சயமின்மையை எண்ணாகச் சொல்ல முடியும். கணக்குக்குள்ளேயே நுழைக்க முடியும். மேலும் நட்சத்திரங்களை அளந்தால் குறைக்கவும் முடியும். மையத்தில் பின்னணி எவ்வளவு தவறு என்று சொல்லும் அளவுகோலே நம்மிடம் இல்லை. அங்கும் கரும்பொருளின் அடர்த்தி அனுமானம்தான் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். மையத்தின் ஈர்ப்பை நட்சத்திரங்களும் வாயுவும்தான் ஆள்கின்றன. கரும்பொருள் உள்ளே கூம்பாகக் குவிந்திருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா என்பதை அளவீடு இன்னும் சொல்லவில்லை.

கொத்துகளும் பெயரில்லாத மூலங்களும்

கேலக்ஸி கொத்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரபஞ்சத்தில் கரும்பொருள் மிக அதிகமாகச் சேர்ந்திருக்கும் இடங்கள் அவை. ஆனால் தூரம் அதிகம். உள்ளே இருக்கும் சிறு கரும்பொருள் உருண்டைகள் சிக்னலை எவ்வளவு கூட்டும் என்பதில் கணக்குகள் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுகின்றன. அழிவைத் தேடுபவர்களுக்கு இது நல்ல இடம் இல்லை. துகள்கள் தானாகச் சிதைகின்றனவா என்று தேடுபவர்களுக்கு நல்ல இடம், ஏனென்றால் சிதைவுக்கு ஒரு துகளே போதும்; அடர்த்தியின் வர்க்கம் வேண்டாம், மொத்த நிறை இருந்தால் சரி. லா பால்மா தீவிலுள்ள மேஜிக் தொலைநோக்கிகள் பெர்சியஸ் கொத்தை 202 மணி நேரம் பார்த்தது இதற்காகத்தான். அங்கும் நடுவிலுள்ள என்ஜிசி 1275 என்ற கேலக்ஸி காமா கதிரில் பளிச்சென்று எரிந்து தொந்தரவு கொடுக்கும்.

ஃபெர்மியின் நான்காவது பட்டியலில் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்கள் உள்ளன. அதில் 1,300-க்கும் மேல் இன்னாரென்று தெரியாதவை. நட்சத்திரமே இல்லாத கரும்பொருள் உருண்டைகள் அதில் ஒளிந்திருக்கலாம். அடையாளம் தெரிந்த மூலங்களை வைத்துப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை பல்சார்களாகவும், நம்மை நோக்கித் துகள் தாரை பாய்ச்சும் தொலைதூரக் கேலக்ஸி மையங்களான பிளேசார்களாகவும்தான் இருக்கப் போகின்றன. தனி ஆய்வாகச் செய்ய எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. துணை வேலையாகச் செய்யலாம்.

கோட்டைத் தேடுவது

இரண்டு துகள்கள் நேரடியாக இரண்டு ஃபோட்டான்களாக மாறினால், ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் துகளின் நிறைக்குச் சமமான ஆற்றல் இருக்கும். நிறமாலையில் ஒரு கூர்மையான கோடு. எந்தச் சாதாரண வானியல் நிகழ்வும் பல நூறு ஜிஇவியில் இப்படிக் கோடு போடாது. நம்பகத்தன்மையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் கரும்பொருளுக்கு ஒளியோடு நேரடித் தொடர்பு இல்லாததால் இந்த வழி பெரும்பாலான மாதிரிகளில் மிக அரிது.

2012-இல் கிறிஸ்டோஃப் வெனிகர் 43 மாத ஃபெர்மி தரவில் 130 ஜிஇவி அருகே கோடு ஒன்றைக் கண்டார். அந்த இடத்தை மட்டும் பார்த்தால் 4.6 சிக்மா (தற்செயலாக வரும் வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று சொல்லும் அளவு; கூடக்கூட நம்பகம்), எங்கெல்லாம் தேடினார் என்பதைக் கணக்கில் சேர்த்தால் 3.2. துறை முழுக்கப் பரபரப்பு. பிறகு ஃபெர்மி குழு ஓர் அழகான சோதனை செய்தது: பூமியின் விளிம்பைப் பார்த்தது. காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தின் மேல் அடுக்கில் மோதி அங்கே நிறைய காமா கதிர்களை உண்டாக்குகின்றன. அதில் கரும்பொருளுக்கு வேலையே இல்லை, நிறமாலை வழுவழுப்பாக இருக்க வேண்டும். ஆனால் அங்கேயும் 133 ஜிஇவி பக்கத்தில் ஒரு சிறு புடைப்பு. கருவியின் பங்கு ஏதோ இருக்கிறது என்று அப்போதே சந்தேகம் வந்தது. 2015-இல் தரவு கூடி, மறுசீரமைப்பும் மேம்பட்டபோது கோட்டின் வலு 0.7 சிக்மாவுக்குச் சரிந்தது.

இந்தக் கதையை ஏமாற்றமாக நான் பார்ப்பதில்லை. மூன்று வருடத்தில் கேள்வி எழுந்து, சோதிக்கப்பட்டு, தீர்ந்தது. மைய உபரிக்கு இப்படி ஒரு தீர்வு இன்னும் வாய்க்கவில்லை. ஒரே குறை, கோட்டை மட்டும் நம்பி முழு ஆய்வையும் கட்டினால் பெரும்பாலும் பூஜ்யம்தான் கையில் மிஞ்சும். அந்தப் பூஜ்யமும் இலக்கு எண்ணிலிருந்து தள்ளியே நிற்கும். வேறு எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதோடு சேர்த்துச் செய்வதுதான் புத்திசாலித்தனம். கூடுதல் உழைப்பு அதிகம் இல்லை.

நிறை மாறினால் பதிலும் மாறும்

இதுவரை சொன்னது பெரும்பாலும் ஃபெர்மியின் எல்லைக்குள், அதாவது சில நூறு ஜிஇவி வரை. அதன் கருவிக்குக் கதிர் பிடிக்கும் பரப்பு ஒரு சதுர மீட்டர்கூடக் கிடையாது. டிஇவி நிறைக்குப் போனால் ஃபோட்டான்கள் அரிதாகிவிடும். விண்வெளியில் உட்கார்ந்து காத்திருந்து பயனில்லை. அங்கே தரையிலுள்ள செரன்கோவ் தொலைநோக்கிகள்தான் வேண்டும். காமா கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது தெறிக்கும் துகள்களின் நீல ஒளிக்கீற்றை அவை பிடிக்கின்றன. வளிமண்டலமே கருவியின் பாகமாகிவிடுவதால் பரப்பு லட்சக்கணக்கான சதுர மீட்டர்.

ஆனால் அவற்றுக்கு வேறு கட்டுப்பாடு உண்டு. பார்வை சில பாகைகள்தான். இருண்ட இரவுகளில்தான் வேலை செய்ய முடியும். வருடத்துக்கு ஆயிரம் மணி நேரம் கிடைத்தாலே நிறைவு. ஃபெர்மி மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முழு வானத்தையும் பார்த்துவிடுவதால் அங்கே எல்லா இலக்குக்கும் தரவு தானாகச் சேரும். தரையில் ஒரு இலக்குக்குக் கொடுக்கும் மணி நேரம் இன்னொன்றிடமிருந்து பிடுங்கியது. மேஜிக் செகூ 1-ஐ மட்டும் 158 மணி நேரம் பார்த்தது. அவ்வளவு ஆழமாகப் பார்த்தும் வரம்பு இலக்கு எண்ணிலிருந்து வெகு உயரத்தில்தான் நின்றது.

நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் 2014 முதல் 2020 வரை பால்வெளியின் உட்பகுதியை 546 மணி நேரம் பார்த்தன. 2022-இல் வந்த முடிவு: டபிள்யூ போசானாக மாறும் 1.5 டிஇவி துகளுக்கு வரம்பு 3.7×10⁻²⁶. இலக்கு எண்ணுக்குக் கைக்கெட்டும் தூரம். மையத்தில் கரும்பொருள் குவிந்திருக்கிறது என்ற அனுமானத்தில்தான் இந்த எண் என்பதை மறக்கக் கூடாது. தட்டையாக இருந்தால் வரம்பு நிறையத் தளரும். இருந்தாலும் டிஇவி நிறையில் மையத்தின் பக்கம் நானே சாய்ந்துவிடுகிறேன். அந்த ஆற்றலில் பரவலான பின்னணி குறைவு, தொலைநோக்கியின் கூர்மையும் அதிகம். தெரிந்த மூலங்களையும் தட்டையும் மறைத்துவிட்டுச் சுற்றுப்புறத்தைப் பார்க்க முடிகிறது. ஜிஇவியில் மையத்துக்கு எதிராக நான் வைத்த வாதம் இங்கே பாதி வலுவை இழக்கிறது.

சிலியிலும் லா பால்மாவிலும் எழும்பிவரும் அடுத்த தலைமுறைச் செரன்கோவ் ஆய்வகமான சிடிஏஓ வந்தால் இந்தப் பக்கம் இன்னும் கனக்கும். சிலியில் மையம் தலைக்கு மேலே வரும். சிடிஏஓ திட்டமிட்டிருக்கும் அளவு, அதாவது ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல், அங்கே செலவிட்டால் டிஇவி பகுதியில் இலக்கு எண்ணை எட்டலாம் என்று கணக்குகள் சொல்கின்றன. ஹிக்ஸீனோ என்பது கோட்பாட்டாளர்கள் முன்வைக்கும் ஒரு விம்ப்; எளிமையான ஹிக்ஸீனோ வகைக் கரும்பொருளின் நிறை சுமார் 1.1 டிஇவி என்பதால் இது வெறும் எண் விளையாட்டு இல்லை. லா பால்மாவில் மையம் வானத்தில் தாழ்வாகவே நிற்கும். வடக்குத் தளத்தில் நேரம் கிடைப்பவர்கள் குள்ள கேலக்ஸிகளைத்தான் பார்க்க வேண்டும். இன்னும் கனமான துகள் என்றால் மெக்சிகோவின் ஹாக், சீனாவின் லாசோ. இரண்டும் இரவு பகல் பாராமல் அகலமாக வானத்தைப் பார்ப்பவை. அவற்றுக்கும் குள்ள கேலக்ஸிகள் வசதியான இலக்கு. ஃபெர்மி, ஹாக், ஹெஸ், மேஜிக், அமெரிக்காவிலுள்ள வெரிட்டாஸ் ஐந்தும் 20 குள்ள கேலக்ஸிகளின் தரவை ஒரே கணக்கில் சேர்த்துப் பார்த்திருக்கின்றன. சிக்னல் இல்லை, ஆனால் 5 ஜிஇவியிலிருந்து 100 டிஇவி வரை ஒரே முறையில் வரம்பு கிடைத்தது.

ஆக, யாருக்கு எது

ஃபெர்மி தரவை வைத்து வேலை செய்யும் மாணவர் என்றால் குள்ள கேலக்ஸிகள், கூடவே கோடு. புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது: 2015 ஆய்வில் இருந்ததைவிட இன்று தரவு இரண்டு மடங்குக்கும் மேல், 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட, வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் ரூபின் ஆய்வகம் புதிய குள்ள கேலக்ஸிகளைக் கொண்டுவரப் போகிறது, ஜே-காரணியைத் திருத்தும் வேலையே தனி ஆய்வுக்குப் போதும். காஸ்மிக் கதிர்ப் பரவலையும் வாயு வரைபடங்களையும் நன்றாக அறிந்த குழு என்றால் ஜிஇவி மையத்தையும் எடுக்கலாம். அங்கே முதல் தேவை பின்னணி மாதிரியை மேம்படுத்துவது. கரும்பொருள் இரண்டாவதாகத்தான் வரும். பின்னணியில் ஆர்வம் இல்லாமல் உபரியின் கவர்ச்சிக்காக மட்டும் உள்ளே போனால் வருடங்கள் ஓடிவிடும். செரன்கோவ் குழுவில் இருந்து, தென் அரைக்கோளத்தில் நேரம் கிடைத்தால் யோசிக்காமல் மையம். சிதைவைத் தேடுபவர்கள் கொத்துகளுக்குப் போகட்டும்.

குள்ள கேலக்ஸிகளைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு நடைமுறை எச்சரிக்கை. ஃபெர்மி அலசலில் டிஎஸ் என்ற எண் வரும்; மூலம் இருக்கிறது என்று வைத்தால் தரவு எவ்வளவு கூடுதலாகப் பொருந்துகிறது என்பதை அது சொல்லும்; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ சிக்மா என்று பாடம் சொல்கிறது. எந்தக் கேலக்ஸியும் இல்லாத வெற்று வானத்திலேயே பெரிய டிஎஸ் மதிப்புகள் அந்தப் பாடம் எதிர்பார்ப்பதைவிட அடிக்கடி வருகின்றன. காரணம், தனித்தனியாகத் தெரியாத மங்கலான பிளேசார்கள் எங்கும் சிதறிக் கிடக்கின்றன. அதனால் முதல் வேலையாக, பால்வெளித் தட்டிலிருந்து இலக்குகள் விலகியிருக்கும் அதே கோண அளவுகளில், தெரிந்த மூலங்களைத் தவிர்த்து, ஆயிரக்கணக்கான வெற்று இடங்களைப் பொறுக்கி, அதே அலசலை அவற்றில் ஓட்டி, டிஎஸ் எப்படிப் பரவுகிறது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கேலக்ஸிகள், எந்த ஆற்றல் எல்லை, எந்த ஜே-காரணிப் பட்டியல் என்பதையும் அதே நேரத்தில் எழுதி முடித்துவிடுங்கள். உர்சா மேஜர் 3 உள்ளேயா வெளியேயா என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். அதன்பிறகு இலக்குகளின் தரவைத் திறக்கலாம்.